பள்ளிக்கூடத்துக்கு இரண்டு தடவை பணம் கட்டியவர்கள்

கணக்கில் இருந்தே ஆரம்பிக்கிறேன். பி.காம். படிப்பவன் வேறு எங்கே ஆரம்பிப்பான்?

அமெரிக்காவின் தெற்கே அலபாமா மாநிலத்தில் லோச்சபோகா என்று ஒரு சிற்றூர். 1913ல் அங்கே கறுப்பினப் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளிக்கூடம் கட்டி முடித்தார்கள். மரக் கட்டடம், ஒரே ஓர் ஆசிரியருக்கான பள்ளி. மொத்தச் செலவு 942 டாலர் 50 சென்ட். வரவுப் பக்கம் இப்படிப் போகிறது. சிகாகோவில் இருந்த ஒரு பணக்காரர் கொடுத்தது 300 டாலர். அந்த வட்டாரத்து வெள்ளையர்கள் கொடுத்தது 360 டாலர். நிலம் வாங்குவதற்காக ஊர்க் கறுப்பின மக்கள் போட்ட ரொக்கம் 150 டாலர். மிச்சம் 132 டாலர் 50 சென்ட் இருக்கிறதே, அது பணமே இல்லை. அதே மக்கள் கட்டட வேலையில் கொடுத்த உழைப்பு. அதற்கு ஒரு மதிப்புப் போட்டு வரவில் ஏற்றியிருக்கிறார்கள்.

எனக்கு இந்தக் கடைசி வரிதான் ரொம்பப் பிடித்தது. பங்குதாரர் பணமாகக் கொடுத்தால்தான் மூலதனம் என்று இல்லை, இடமாகவோ சரக்காகவோ கொடுத்தாலும் மூலதனம்தான் என்று முதல் வருடமே சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். பருத்திக் காட்டில் உழைத்துப் பிழைத்த மனிதர்கள் பலகை சுமந்ததையும் ஆணி அடித்ததையும் அந்தக் கணக்கில் பார்க்கும்போதுதான் அதன் அர்த்தம் எனக்குப் புரிந்தது.

ஒரு பள்ளிக்கூடம் "கவர்மெண்டுடையது", "மேனேஜ்மெண்டுடையது" என்பது போய் "எங்களுடையது" என்று பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் எப்போது தோன்றுகிறது? மாணவர் மன்றம் வையுங்கள், பெற்றோர் கூட்டம் போடுங்கள், ஆண்டு விழா நடத்துங்கள் என்று இதற்கு யோசனை சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் அந்தப் பக்கம் போகவில்லை. 1912க்கும் 1932க்கும் இடையில் அமெரிக்கத் தென் மாநிலங்களில் ஏறக்குறைய 5,000 பள்ளிகள் இந்த லோச்சபோகா முறையில் எழும்பின. ரோசன்வால்ட் பள்ளிகள் என்று அவற்றுக்குப் பெயர். இந்தக் கேள்விக்கு அவற்றின் கதையில் ஒரு பதில் இருக்கிறது. அது அவ்வளவு இனிப்பான பதில் இல்லை என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

முதலில் அந்தச் சிகாகோ பணக்காரர் யார் என்று பார்த்துவிடலாம். சில்லறை வணிகத்தின் வரலாற்றைப் படித்தால் சியர்ஸ் ரோபக் கம்பெனி கட்டாயம் வரும். கிராமத்துக்குக் கிராமம் ஒரு தடிமனான கேட்லாக் அனுப்புவார்கள். அதைப் பார்த்து விவசாயிகள் தபாலில் ஆர்டர் கொடுத்தால் சட்டை, தையல் மெஷின், சமையல் அடுப்பு எல்லாம் வீடு தேடி வரும். ஒரு கட்டத்தில் முழு வீட்டையே விற்றார்கள். (மரங்களை அளவெடுத்து அறுத்து ரயிலில் அனுப்பிவிடுவார்கள், பொருத்திக்கொள்வது நம் பாடு.) அந்தக் கம்பெனியில் 1895ல் பங்கு வாங்கி உள்ளே வந்தவர் ஜூலியஸ் ரோசன்வால்ட். ஜெர்மனியில் இருந்து குடியேறிய யூதக் குடும்பத்தில் 1862ல் பிறந்தவர். உயர்நிலைப் பள்ளியை முடிக்காமலே துணி வியாபாரத்துக்குப் போனவர். 1908ல் சியர்ஸின் தலைவரானார்.

இன்னொரு பக்கம் புக்கர் டி. வாஷிங்டன். 1856ல் வர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்தவர். அலபாமாவில் டஸ்கீகி என்ற ஊரில் 1881ல் தொடங்கிய கல்வி நிறுவனத்தை வளர்த்து ஆளாக்கியவர். அவருடைய தன்வரலாற்றை ரோசன்வால்ட் படித்திருந்தார். 1911ல் இருவரும் சிகாகோவில் சந்தித்தார்கள். மறு வருடம் தன் 50வது பிறந்தநாளை ஒட்டி ரோசன்வால்ட் கொடுத்த நன்கொடைகளில் டஸ்கீகிக்கு 25,000 டாலர். அதில் செலவாகாமல் மிஞ்சிய சிறு தொகையை வைத்து, பக்கத்துக் கிராமங்களில் ஆறு சின்னப் பள்ளிகள் கட்டலாமா என்று வாஷிங்டன் கேட்டார். சரி என்று பதில் வந்தது. எல்லாம் இந்த மிச்சப் பணத்தில் தொடங்கியதுதான்.

இந்த இடத்தில் ஒரு சின்ன உரசல் உண்டு. வீட்டையே தபாலில் அனுப்பும் கம்பெனியின் முதலாளி அல்லவா? பள்ளிக்கூடத்தையும் அப்படியே செய்து அனுப்பிவிட்டால் என்ன என்று ரோசன்வால்டுக்குத் தோன்றியது. வாஷிங்டனுக்கு அதில் இஷ்டமில்லை. உள்ளூர் மரம், உள்ளூர்த் தச்சர், உள்ளூர் ஆட்கள் என்று இருந்தால்தான் ஊர் அதில் சேரும் என்பது அவர் எண்ணம். செலவுக் கணக்கில் ஒருவேளை முதலாளி சொன்னது சரியாகக்கூட இருந்திருக்கலாம். ஆனால் அவர் பேச்சைக் கேட்டிருந்தால் இந்தக் கட்டுரையே இருந்திருக்காது :)

இப்போது அந்தக் காலத்துத் தெற்கு எப்படி இருந்தது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மேலே சொல்லப் போவது விளங்காது. உள்நாட்டுப் போருக்கு முன்னால் பல தென் மாநிலங்களில் அடிமைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பதே குற்றம். 1865ல் விடுதலை கிடைத்தவுடன் அந்த மக்கள் முதலில் தேடிப் போன விஷயங்களில் ஒன்று பள்ளிக்கூடம். கையில் காசில்லாத நிலையிலும் தாங்களாகவே கூடிப் பள்ளிகள் நடத்தினார்கள். பிறகு காற்று திசை மாறியது. 1896ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் "தனித்தனி, ஆனால் சமம்" என்று தீர்ப்புச் சொன்னது. தனித்தனி என்பது மட்டும் நடந்தது, சமம் என்பது காகிதத்தோடு சரி. 1901ல் அலபாமா கொண்டுவந்த அரசியல் சட்டம் கறுப்பர்களின் ஓட்டுரிமையைப் பறித்தது. மற்ற மாநிலங்களிலும் இதே கதை. ஓட்டு இல்லாதவனுக்காகப் பட்ஜெட்டில் யார் பணம் ஒதுக்குவார்கள்?

வரி மட்டும் அவர்களும் கட்டினார்கள். அந்தப் பணம் பெரும்பாலும் வெள்ளைப் பிள்ளைகளின் பள்ளிக்குப் போனது. கறுப்புப் பிள்ளைகள் தேவாலயத்திலோ, சங்கக் கட்டடத்திலோ, ஓட்டை விழுந்த மரக் கொட்டகையிலோ உட்கார்ந்து படித்தார்கள். வருடத்தில் சில மாதங்கள்தான் பள்ளி. பருத்தி எடுக்கும் காலம் வந்தால் அதுவும் இல்லை.

இந்த நிலையில்தான் திட்டம் வந்தது. விதிகள் எளிமையானவை. ரோசன்வால்ட் முழுப் பணமும் தர மாட்டார். ஊர் மக்கள் தங்கள் பங்கை முதலில் திரட்ட வேண்டும். பணமாகவோ, மரமாகவோ, நிலமாகவோ, உழைப்பாகவோ இருக்கலாம். கவுண்டி நிர்வாகமும் (நம்மூர் மாவட்டம் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்) ஒரு பங்கு போட வேண்டும். கட்டி முடித்ததும் நிலமும் கட்டடமும் அரசுப் பள்ளி நிர்வாகத்தின் பெயருக்கு எழுதப்படும், அதற்குப் பிறகு பள்ளியைப் பராமரிப்பது நிர்வாகத்தின் பொறுப்பு. பள்ளியைச் சுற்றி குறைந்தது இரண்டு ஏக்கர் இடம் வேண்டும் என்றும், வருடத்தில் இத்தனை மாதமாவது நடத்த வேண்டும் என்றும் பிற்பாடு சேர்த்தார்கள். பள்ளிக்குத் தன் பெயரை வைக்க வேண்டும் என்று மட்டும் ரோசன்வால்ட் கேட்கவில்லை.

இன்றைய பாஷையில் இதற்கு மேட்ச்சிங் கிராண்ட் என்று பெயர். நீ நூறு போட்டால் நான் நூறு போடுகிறேன். நன்கொடை கொடுப்பவரின் கோணத்தில் ரொம்பப் புத்திசாலித்தனமான ஏற்பாடு. ஒரு டாலரைப் போட்டு இன்னும் பல டாலர்களை வெளியே வரவைக்கலாம், ஆர்வமில்லாத ஊர் தானாக விலகிவிடும், அரசாங்கமும் பொறுப்பில் இருந்து நழுவ முடியாது.

ஆனால் பணம் போட வேண்டிய பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று பாருங்கள். பெரும்பாலோர் அடுத்தவர் நிலத்தில் வாரத்துக்குப் பயிர் செய்பவர்கள். விளைச்சலில் பாதி நிலக்காரனுக்கு. மீதியில் விதைக் கடன், கடைக் கடன். வருடக் கடைசியில் கணக்குப் பார்த்தால் கையில் ஒன்றும் நிற்காது, பாக்கிதான் நிற்கும். (அந்தக் கணக்கை எழுதுபவனும் நிலக்காரன்தான் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.)

அவர்கள் எப்படிப் பணம் திரட்டினார்கள் என்பதுதான் எனக்கு இந்தக் கதையிலேயே பெரிய விஷயமாகப் படுகிறது. சில ஊர்களில் பருத்திக் காட்டில் ஒரு மூலையைப் பள்ளிக்கென்று ஒதுக்கினார்கள். அதற்கு "ரோசன்வால்ட் பாத்தி" என்றே பெயர். எல்லோருமாகச் சேர்ந்து அதில் களையெடுத்து, பருத்தி எடுத்து, விற்ற பணத்தைப் பள்ளிக்கூட நிதியில் போடுவார்கள். பெண்கள் கோழியும் முட்டையும் விற்றார்கள். மீன் வறுத்து விற்றார்கள், சாப்பாட்டுப் பெட்டிகளை ஏலம் விட்டார்கள். தேவாலயத்தில் தட்டு ஏந்தினார்கள். காட்டு மரம் இருந்தவர் மரம் கொடுத்தார், வண்டி இருந்தவர் சுமந்தார்.

அலபாமாவில் போலிகீ என்ற ஊர். 1916-17 குளிர்காலம். பருத்திக்காயைத் துளைக்கும் கூன்வண்டு வந்து விளைச்சலை அழித்திருந்த நேரம். அப்படிப்பட்ட சமயத்தில் அங்கே பள்ளிக்காக நிதி திரட்டும் கூட்டம் நடந்தது. திட்டத்தின் சார்பில் போன கறுப்பின அலுவலர் அதைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். அடிமைக் காலத்தைப் பார்த்த ஒரு முதியவர் எழுந்து வந்து, அழுக்கேறிய ஒரு பழைய பையைப் பிரித்து மேஜைமேல் கொட்டினாராம். வாழ்நாள் சேமிப்பு, 38 டாலர். பேரப்பிள்ளைகளின் பிள்ளைகளுக்காவது ஒரு வாய்ப்பு கிடைக்கட்டும் என்று சொல்லிக் கொடுத்தாராம். அந்தப் பள்ளியில் அவர் படிக்கப் போவதில்லை. அவருடைய பிள்ளைகளும் படிக்கப் போவதில்லை.

கட்டடங்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். முதல் வரைபடங்களை டஸ்கீகியில் போட்டவர் ராபர்ட் ஆர். டெய்லர், எம்.ஐ.டி.யில் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர். பிறகு நாஷ்வில் நகரில் இருந்த ரோசன்வால்ட் நிதியத்தின் அலுவலகத்தில் சாமுவேல் எல். ஸ்மித் என்பவர் அவற்றைத் திருத்தி விரிவாக்கினார். கிராமத்தில் மின்சாரம் கிடையாது, ஆகவே சூரிய வெளிச்சம்தான் எல்லாம். கட்டடம் எந்தத் திசை பார்க்க வேண்டும், ஜன்னல்கள் எத்தனை, எவ்வளவு உயரம் என்று எல்லாமே வரைபடத்தில் இருக்கும். ஜன்னல்களை வரிசையாகச் சேர்த்து வைத்து, வெளிச்சம் பிள்ளையின் இடப் பக்கம் இருந்து விழும்படி பெஞ்சு போடச் சொன்னார்கள். வலக் கையால் எழுதும்போது சொந்தக் கையின் நிழல் நோட்டில் விழக் கூடாதாம்! அதுவரை கொட்டகையில் உட்கார்ந்திருந்த பிள்ளைக்காக யாரோ எங்கேயோ உட்கார்ந்து நிழல் விழும் பக்கத்தை யோசித்திருக்கிறார்கள்.

இரண்டு வகுப்பறைகளுக்கு நடுவே தள்ளித் திறக்கும் தடுப்பு வைத்தார்கள். அதைத் திறந்துவிட்டால் ஊர்க் கூட்டம் போடும் அளவுக்கு ஒரு கூடம் கிடைக்கும். பகலில் பிள்ளைகள், சாயங்காலம் பெரியவர்கள். கச்சேரி, நாடகம், விவசாயக் கூட்டம் எல்லாம் அங்கேதான். விறகு, தண்ணீர், சுவருக்கு வர்ணம், முற்றத்தைச் சுத்தம் செய்வது என்று வருடம் முழுக்க வேலை இருந்தது, அதையும் ஊரே செய்தது. வருடத்துக்கு ஒரு நாள் ரோசன்வால்ட் பள்ளி நாள் என்று வைத்து, ஊரே கூடிப் பள்ளியைச் செப்பனிட்டு நிதி திரட்டுவதும் வழக்கமானது.

ஆனால் கட்டடமும் விதியும் வந்துவிட்டால் ஊர் தானாக வந்துவிடாது. கூட்டிச் சேர்க்க ஓர் ஆள் வேண்டும். இந்தக் கதையில் அந்த ஆள் பெரும்பாலும் ஒரு கறுப்பினப் பெண் ஆசிரியை. ஜீன்ஸ் ஆசிரியைகள் என்று சொல்வார்கள். (போட்டுக்கொள்ளும் ஜீன்ஸ் இல்லை. பிலடெல்பியாவில் இருந்த அன்னா ஜீன்ஸ் என்ற அம்மையார் 1907ல் கொடுத்த பத்து லட்சம் டாலரில் சம்பளம் வாங்கியதால் அந்தப் பெயர்.) அவர்களில் முதலாமவர் வர்ஜீனியா மாநிலத்தின் ஹென்ரைகோ கவுண்டியைச் சேர்ந்த வர்ஜீனியா ராண்டால்ப்.

அவர் 1892ல் ஓர் ஓராசிரியர் பள்ளிக்கு வேலைக்கு வந்தார். பள்ளியும் மோசம், பாதையும் சேறு. முதல் வேலையாகத் தன் கைக்காசில் சரளைக்கல் வாங்கிப் போட்டார். சுவரை வெள்ளையடித்தார். பெற்றோர்களின் வீடுகளுக்குப் போய்ப் பேசினார், பள்ளியை மேம்படுத்த அவர்களைச் சங்கமாகச் சேர்த்தார். படிப்போடு தையல், சமையல், தோட்ட வேலையும் சொல்லிக் கொடுத்தார். 1908ல் மரம் நடு விழா நடத்தி மாணவர்களோடு 12 மரங்கள் நட்டார். அதே வருடம் அவரைக் கவுண்டி முழுக்கச் சுற்றி மற்றப் பள்ளிகளுக்கும் இதைச் சொல்லிக் கொடுக்க அனுப்பினார்கள். அந்த மாதிரியைப் பார்த்துத்தான் தெற்கு முழுக்க ஜீன்ஸ் ஆசிரியைகள் வந்தார்கள். ரோசன்வால்ட் பள்ளிகளுக்காக வீடு வீடாக ஏறி இறங்கி நிதி சேர்த்ததில் இவர்கள் பங்கு பெரிது. ரோசன்வால்ட் படம் பல வகுப்பறைகளில் மாட்டப்பட்டது. இந்த ஆசிரியைகளின் படம் எத்தனை இடத்தில் மாட்டப்பட்டிருக்கும்?

1932ல் கட்டட வேலை நின்றது. அந்த வருடம் ஜனவரியில் ரோசன்வால்ட் இறந்தார். பெருமந்தத்தில் சியர்ஸ் பங்கின் விலை சரிந்து நிதியத்தின் கையும் காலியாகிக்கொண்டிருந்தது. அதற்குள் 15 மாநிலங்களில் 4,977 பள்ளிகள். ஆசிரியர் குடியிருப்பு, தொழிற்கூடம் எல்லாம் சேர்த்து 5,357 கட்டடங்கள். 6,63,615 பிள்ளைகள் படிக்க இடம். 1928லேயே தெற்கில் கிராமப்புறக் கறுப்பினப் பிள்ளைகளுக்கான பள்ளிகளில் ஐந்தில் ஒன்று ரோசன்வால்ட் பள்ளி.

இப்போது மறுபடி பேரேட்டுக்கு வருகிறேன். மொத்தச் செலவு சுமார் 2 கோடியே 84 லட்சம் டாலர். (ஒரு பிள்ளைக்கான இடத்துக்கு ஏறத்தாழ 43 டாலர் வருகிறது, வகுத்துப் பார்த்தேன்.) அதில் ரோசன்வால்ட் பணம் சுமார் 43 லட்சம், அதாவது 15 சதவீதம். வெள்ளையர் நன்கொடை 12 லட்சம், 4 சதவீதம். அரசு வரிப்பணம் 1 கோடியே 81 லட்சம், 64 சதவீதம். கறுப்பின மக்கள் தங்கள் கையில் இருந்து கொடுத்தது 47 லட்சம், கிட்டத்தட்ட 17 சதவீதம்.

கவனித்தீர்களா? யாருடைய பெயரால் இந்தப் பள்ளிகள் அழைக்கப்படுகின்றனவோ அந்தக் கோடீஸ்வரரை விட அந்தக் குத்தகை விவசாயிகள் அதிகம் கொடுத்திருக்கிறார்கள்.

இதோடு கணக்கு முடியவில்லை. அந்த 64 சதவீத வரிப்பணம் யாருடையது? அதிலும் கறுப்பர்கள் கட்டிய வரி இருக்கிறது. ஒரு தடவை வரியாகக் கட்டினார்கள், அந்த வரிக்குரிய பள்ளி அவர்களுக்கு வரவில்லை. பிறகு அதே பள்ளிக்காக நன்கொடையாக இன்னொரு தடவை கட்டினார்கள். ஜேம்ஸ் டி. ஆண்டர்சன் என்ற வரலாற்றாசிரியர் தெற்கின் கறுப்பினக் கல்வியைப் பற்றி 1988ல் எழுதிய புத்தகத்தில் இதை இரட்டை வரி என்றே விவரிக்கிறார். பக்கத்துத் தெருவில் வெள்ளைப் பிள்ளைகளின் பள்ளிக்காக யாரும் கோழி விற்கவில்லை. அங்கே பள்ளி அரசாங்கத்தின் கடமையாக இருந்தது, இங்கே அதை ஒரு பந்தயம் மாதிரி ஆக்கியிருந்தார்கள். உன் பங்கைக் காட்டு, பிறகு பார்க்கலாம்.

இந்தக் கதையைச் சொல்லும் பலர், "பார்த்தீர்களா, மக்களைப் பங்கு போட வைத்ததால்தான் பள்ளிமேல் அவர்களுக்கு ஒட்டுதல் வந்தது" என்று முடித்துவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒட்டுதல் ஏற்கனவே இருந்தது. 1865ல் விடுதலையான அடுத்த மாதமே பள்ளி தொடங்கியவர்களுக்குச் சிகாகோவில் இருந்து யாரும் வந்து ஈடுபாட்டைக் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. தேவாலயத்தில் பெஞ்சு போட்டு அவர்கள் நடத்திக்கொண்டிருந்ததும் அவர்கள் பள்ளிதான். ரோசன்வால்டின் பணமும் வாஷிங்டனின் பிடிவாதமும் செய்தது என்னவென்றால், அந்த ஒட்டுதலுக்கு ஒரு கூரை போட்டுக் கொடுத்தன, அரசாங்கத்தின் கையைப் பிடித்து உள்ளே இழுத்தன. அது சின்ன விஷயம் இல்லை. ஓட்டுரிமை இல்லாத மக்களுக்காகக் கவுண்டி நிர்வாகத்தைப் பணம் வைக்கச் செய்ய அந்தக் காலத்தில் வேறு எத்தனை வழி இருந்தது? முதல் உலகப் போருக்கும் இரண்டாம் உலகப் போருக்கும் இடையில் தெற்கில் கறுப்பு-வெள்ளைப் படிப்பு இடைவெளி குறைந்ததில் இந்தப் பள்ளிகளுக்குக் கணிசமான பங்கு உண்டு என்று ஆரன்சன், மசும்தர் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 2011ல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. ஆனாலும் ஏழையின் தியாகத்தைப் பார்த்து "ஆகா, என்ன பங்கேற்பு" என்று கை தட்டும்போது, அந்தத் தியாகம் ஏன் தேவைப்பட்டது என்பதை மறந்துவிடுகிறோமோ என்று தோன்றுகிறது.

சரி, இப்படிக் கட்டிய பள்ளிகளுக்கு உள்ளே என்ன நடந்தது? வனெசா சிடில் வாக்கர் என்ற ஆய்வாளர் வடக்கு கரோலினாவின் காஸ்வெல் கவுண்டியில் இருந்த ஒரு கறுப்பினப் பள்ளியைப் பற்றி 1996ல் ஒரு புத்தகம் எழுதினார். அங்கே நீண்ட காலம் முதல்வராக இருந்தவர் என். எல். டில்லர்டு. முதல்வரும் ஆசிரியர்களும் மாணவர்களின் வீடுகளுக்குப் போவார்கள், ஊர்த் தேவாலயத்தில் பெற்றோர்களைப் பார்ப்பார்கள். மாணவர்கள் எல்லோரும் கூடும் கூட்டம் தவறாமல் நடக்கும், மாணவர்களே மேடையேறி நடத்துவார்கள். படிப்பில் சுமாரான பிள்ளைக்கும் ஏதாவது ஒரு மன்றத்தில் இடம் இருக்கும். பெற்றோர் சங்கம் திரைச்சீலையில் இருந்து பஸ் வரைக்கும் பணம் திரட்டியது. புத்தகம் பழையது, மேஜை உடைந்தது, ஆனால் அங்கே படித்தவர்கள் நினைவில் வைத்திருந்தது வேறு: எங்களை அவர்கள் விடவில்லை, எங்களால் முடியும் என்று நம்பினார்கள். வாக்கர் ஒரு விஷயத்தில் கவனமாக இருக்கிறார். பிரித்து வைத்தது நல்லது என்று அவர் சொல்லவில்லை. பிரித்து வைத்த அநியாயத்துக்கு நடுவிலும் அவர்கள் இதைச் செய்தார்கள் என்கிறார்.

1954ல் பிரவுன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தனித்தனிப் பள்ளிகள் செல்லாது என்றது. வர வேண்டிய தீர்ப்புதான், ஐம்பது வருடம் தாமதமாக வந்தது. ஆனால் அதை நடைமுறைப்படுத்தியவர்கள் யார்? அதே பழைய நிர்வாகங்கள். இரண்டு பள்ளிகளை ஒன்றாக்கும்போது மூடப்பட்டது பெரும்பாலும் கறுப்பினப் பள்ளி. 1954க்கும் 1965க்கும் இடையில் தெற்கிலும் எல்லை மாநிலங்களிலும் சுமார் 38,000 கறுப்பின ஆசிரியர்களும் முதல்வர்களும் வேலை இழந்தார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. காஸ்வெல் பள்ளியும் 1969ல் கறுப்பின உயர்நிலைப் பள்ளியாக இருப்பது முடிவுக்கு வந்தது.

பிள்ளைகள் நல்ல கட்டடத்துக்கு, புதுப் புத்தகத்துக்குப் போனார்கள். தங்கள் வீட்டைத் தெரிந்த ஆசிரியர் அங்கே இல்லை. கோப்பைகள், படங்கள், பள்ளியின் பெயர், பள்ளிப் பாட்டு எல்லாம் போயின. அப்பா அம்மா வர்ணம் அடித்த சுவர் இல்லை. கட்டடத்தை அரசு நிர்வாகத்தின் பெயருக்கு எழுதிக் கொடுத்த அந்த விதி இருக்கிறதே, அது இங்கே வந்து கடித்தது. சட்டப்படி பள்ளி நிர்வாகத்தின் சொத்து, ஆகவே மூடவும் விற்கவும் நிர்வாகத்துக்கு உரிமை உண்டு. உழைப்பை மூலதனமாகப் போட்டவர்களின் பெயர் எந்தப் பத்திரத்திலும் இல்லை.

பல கட்டடங்கள் வைக்கோல் கிடங்காகின, சில வீடாகின, பெரும்பாலானவை இடிந்தே போயின. 2002ல் அமெரிக்காவின் வரலாற்றுப் பாதுகாப்பு அறக்கட்டளை, அழியும் ஆபத்தில் இருக்கும் 11 இடங்களின் பட்டியலில் ரோசன்வால்ட் பள்ளிகளைச் சேர்த்தது. இன்று ஏறக்குறைய 500 கட்டடங்கள் எஞ்சியிருப்பதாகச் சொல்கிறார்கள். இவற்றைத் தேசியப் பூங்காத் துறையின் பாதுகாப்பில் கொண்டுவர முடியுமா என்று ஆராய 2021 ஜனவரியில் ஒரு சட்டம் கையெழுத்தானது.

அதற்கு முன்பிருந்தே சில ஊர்களில் பழைய மாணவர்கள், இப்போது பாட்டி தாத்தாக்கள், சங்கம் அமைத்துத் தங்கள் பள்ளியை மீட்டுச் செப்பனிட்டு வருகிறார்கள். ஊர்க் கூடமாகவும் சின்ன அருங்காட்சியகமாகவும் பயன்படுகிறது. அதற்கான பணத்தைத் திரட்ட மறுபடியும் சாப்பாடு சமைத்து விற்கிறார்கள், தேவாலயத்தில் நன்கொடை கேட்கிறார்கள். என் கணக்குப்படி இது மூன்றாவது தடவை.